மஞ்சள் கைத்தடி

சமையலறைக்குப் பின்னால், அருவியிலிருந்து இறங்கிவரும் ஓடையில் நின்று விடுதியின் சமையல்காரி சட்டி கழுவுகிறாள். மலையில் மத்தியானமே மழை பிடித்துவிட்டது. தண்ணீர் செம்மண் கலந்து வருகிறது. சாயங்கால வெளிச்சம் நுரைமேல் நடுங்குகிறது. அந்த நுரைக்குள்ளிருந்து ஒரு கைத்தடி மிதந்து வந்து அவள் கணுக்காலில் இடிக்கிறது. பிடியில் மஞ்சள் சாயம். மலை சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு விடுதி கொடுக்கும் தடி அது. அறைக்கு ஒரு நிறம். மஞ்சள், மாடி அறை. காலையில் அந்த அறைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு அருவி பார்க்கப் போனார். பெரிய தடி அவருக்கு, சின்னது அவளுக்கு. கால் சுளுக்கியதால் தங்கிவிட்ட மனைவி இப்போது பின்வாசலுக்கு நொண்டிக்கொண்டு வருகிறாள்.

"அக்கா, ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சு வருவாங்க. குளிக்க வெந்நீர் கிடைக்குமா?"

சமையல்காரி தடியைக் காலால் மணலில் அமுக்கிப் பிடிக்கிறாள். அது மேலே வரத் திமிறுகிறது.

"அடுப்புல கொதிச்சிட்டிருக்கும்மா. நீங்க உள்ள போய் உக்காருங்க, இங்க வழுக்கும்."

"ஏன்க்கா, அங்கயே பாக்குறீங்க?"

"தண்ணி ஏறுதும்மா."

கழுவிய சட்டியையே கை மறுபடி மறுபடி கழுவுகிறது. ஓடை வளைந்து வரும் பாறையை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. சின்னத் தடி இன்னும் வரவில்லை.