சாப்பிட்ட பிறகு ஊசி

தங்கை வீட்டு வாசலில் அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பீங்கான் தட்டு சுவரில் மோதிச் சிதறியது.

"உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டி!" மாப்பிள்ளையின் குரல்.

கதவை உதைத்துத் திறந்தான். கட்டிலோரம் தங்கை குப்புறக் கிடந்தாள். அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாயிலேயே குத்தினான். ரத்தம் கொட்டியது.

"திருந்திட்டான்னு சொன்னியேம்மா!" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினான்.

"நிறுத்தாதேண்ணா, இன்னும் ரெண்டு குத்து விடு!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. கட்டிலடியில் அவர்களுடைய சர்க்கரைநோய்ப் பூனை அவசரமாகத் தின்றுகொண்டிருந்தது. தங்கையின் கையில் ஊசி தயாராக இருந்தது.

"வெறும் வயித்துல இன்சுலின் போட்டா செத்துடுமாம். இது எங்க சண்டைச் சத்தத்துலயே வளர்ந்தது. நாங்க ராசியானதுலேருந்து சாப்பிடவே மாட்டேங்குது. அதான் நடிக்கிறோம்."

மாப்பிள்ளை உதட்டைத் துடைத்துக்கொண்டான். "மச்சான், ராத்திரி ஊசிக்கும் வந்துடுங்க."