கன்னத்தில் ஒரு பொட்டு

வேலை கேட்டு வந்த சுகந்திக்கு அந்த வாரத்தில் அது மூன்றாவது கடை. முதல் இரண்டிலும் கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னதுமே, "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் இங்கே குழந்தையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

மேக்கப் பிரிவின் மேனேஜர் வனஜா உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "என் மூஞ்சிதான் உனக்குப் பரீட்சை. காலையில வந்தவ என்னைப் பேயாட்டம் ஆக்கிட்டா. நீ என்ன பண்றேன்னு பாப்போம்."

சுகந்தி பவுண்டேஷனைத் தொட்டுத் தொட்டுப் பரப்பினாள். புருவத்தைச் சீராக்கி, உதட்டுக்கு மாதுளம்பூச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தாள். கடைசியாகக் கண்ணுக்கு மை தீட்டிவிட்டுச் சற்று விலகி நின்று பார்த்தாள். முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. அந்தப் பூரிப்பில், தினமும் காலையில் செய்கிற பழக்கத்தில், அவள் விரல் தானாகவே மையைத் தொட்டு வனஜாவின் இடது கன்னத்தில் வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டது.

பக்கத்து கவுன்ட்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "போச்சுடி உன் வேலை."

சுகந்தி பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த வனஜா அவள் கையைத் தடுத்தார்.

"எத்தனை மாசம்?"

"எட்டு, மேடம்."

"யாரு பாத்துக்கறா?"

"எங்க நாத்தனார்."

"கடை பத்து மணிக்குத் தொறப்போம். நீ பால் குடுத்துட்டுப் பதினொண்ணுக்கு வா."

மேல்மாடியில் முதலாளி மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார். வனஜா நாற்காலியிலிருந்து இறங்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பொட்டோடு லிஃப்டில் ஏறினார்.