மேலகரத்தில் ஏறியவர்கள்

"ஏட்டி, சீக்கிரம் ஏறுங்கட்டி! ஒருத்தரும் கீழ நிக்கக் கூடாது!"

சங்கரேஸ்வரி போட்ட சத்தத்தில், குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்த இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

மேலகரம் நிறுத்தத்தில் ஒரு தெருவே திரண்டு நின்றது. பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்த பெண்கள், குழம்பைப் பாதியில் இறக்கிவிட்டு வந்தவர்கள், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பீர் மைதீன். ஒருவருக்கும் தென்காசியில் எந்த ஜோலியும் கிடையாது. இன்று இந்த பஸ்ஸில் கணக்கெடுக்கிறார்கள். கணக்கு சரியில்லை என்றால், போன வருடம் வந்த புது பஸ்ஸைப் பறித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

பஸ் போனால் அதே தெருவில் இருக்கும் முஹ்ஸினாவின் வேலை போய்விடும். வாப்பா இறந்த பிறகு, தென்காசி ஆடிட்டர் ஆபீசில் அவள் வாங்கும் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. சங்கரேஸ்வரியின் மகள் பிளஸ் டூ தேறியதே முஹ்ஸினா சொல்லிக்கொடுத்துத்தான். அதற்குக் கைம்மாறு செய்ய இதைவிட்டால் வேறு நாள் ஏது?

"நீங்க எல்லாரும் முதல்ல ஏறுங்கக்கா. நான் கடைசியா வாரேன்" என்று முஹ்ஸினா சொல்லியிருந்தாள். சங்கரேஸ்வரி முன்பக்கமாக முண்டியடித்து ஏறினாள். பஸ் கிளம்பியது.

டிரைவருக்குப் பின்னால் கையில் டேப்லெட் கணினியை வைத்துக்கொண்டு ஜெயசித்ரா நின்றிருந்தாள். கணக்கெடுக்க வந்தவள்.

"எல்லாரையும் கணக்குல சேத்துக்கிட்டீங்களாம்மா? எல்லாம் மேலகரம் ஆளுங்கதான்" என்றாள் சங்கரேஸ்வரி.

"தினமும் இத்தனை பேரா வர்றீங்க?"

"ஆமா. உக்கார எடமே கெடைக்காது." வாய் கூசாமல் சொன்னாள். முஹ்ஸினாவுக்காக இன்னும் நாலு பொய் சொல்லவும் அவள் தயார்.

"எக்கா, மூச்சு முட்டுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொறுத்துக்கட்டி. பஸ்ஸு நமக்கு வேணும்லா!"

தென்காசி வந்தது. ஜெயசித்ரா டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"எங்க ஸ்டாப்பு தேறிட்டுதாம்மா?"

"கூட்டத்துல உங்க ஸ்டாப்தான் முதல், அக்கா. ஆனா நாங்க கூட்டத்தை எண்ண வரல."

"பின்ன?"

"கூட்டத்துக்குச் சாதா பஸ் போதும். அது எப்பவும் வரும். இது சக்கர நாற்காலியோட ஏறுறதுக்குச் சாய்வுப் பலகை வச்ச பஸ். அந்தப் பலகை யாருக்காவது பயன்படுதான்னு பாக்கத்தான் வந்தோம். குற்றாலத்துலேர்ந்து இங்க வரைக்கும் அப்படி ஒருத்தரும் ஏறல. இப்பத்தான் ரிப்போர்ட்டை அனுப்பினேன். நாளைக்கு நாங்க வேற ரூட்டைப் பாக்கப் போகணும்."

 சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"யாரு சொன்னா ஏறலன்னு? எங்க முஹ்ஸினா ஏறியிருக்கா! அவளுக்காகத்தான இம்புட்டுப் பேரும் வந்தோம்? நல்லாப் பாருங்கம்மா. ஏ, வழி விடுங்கட்டி, அவ நாற்காலி வரட்டும்!"

கூட்டம் விலகியது. நடு வாசலை ஒட்டிச் சக்கர நாற்காலிக்கென்று விட்டிருந்த இடத்தில், தெருப் பெண்கள்தான் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள்; நாற்காலியைக் காணோம்.

"நீ ஏத்தி விட்டிருப்பன்னுல்லா நெனச்சேன்" என்று ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

சங்கரேஸ்வரி முஹ்ஸினாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா! எல்லாரும் போய்ச் சேந்துட்டீங்களா?" முஹ்ஸினாவின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "எனக்குப் பலகை இறக்கி ஏத்துனா வண்டி லேட்டாயிரும், கணக்குல குறைச்சிருவாங்கல்லா. அதான் டிரைவர் அண்ணாச்சிய நீங்க போங்கன்னு கை காட்டிட்டேன். ஆபீசுக்கும் லீவு சொல்லிட்டேன். இன்னைக்கு ஒரு நாள்தான, இனிமே இந்த பஸ்ஸு நமக்குத்தானக்கா?"