அடிக்குரல்

"காரை விக்கத்தான் போறேன், இன்னைக்கே..."

"உங்கப்பா பாடுறாருடி அதுல! விக்கிறாளாம்!"

"அதுல அப்பா பாடவே இல்லம்மா! எத்தனை தடவை சொல்றது? இந்தப் பைத்தியத்தோட உன்னைத் தனியா விட முடியாது. காரும் போகும், நீயும் முதியோர் இல்லத்துக்குப் போற."

மாங்கரே புறநகரில் தன் கார் ஸ்டீரியோ கடை வாசலில் செமிசி இருவருக்கும் நடுவே புகுந்தான். வீக்கா அவனுக்குப் பெரியம்மா. கத்துகிறவள் அவள் மகள் லூப்பே. பெரியப்பா செத்தபோது செமிசி பிரிஸ்பேனில் மாட்டிக்கொண்டிருந்தான். முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

"பெரியம்மா, இந்தப் பழைய பெட்டியைக் கழட்டிட்டுப் புதுசு போட்டுடலாமே?"

"கை வச்சே, கையை ஒடச்சிடுவேன். சிடி உள்ளேயே சிக்கிக் கிடக்கு."

"ஐயோ, ஒடச்சிடாதீங்க. பொழைக்கிற கை."

வருஷா வருஷம் ஈஸ்டருக்குப் பாடகர் குழுவின் கொயர் பாட்டைப் பதிந்து வீட்டுக்கு வீடு சிடி கொடுப்பது அவர்கள் சர்ச் வழக்கம். இதுவும் அப்படி ஒன்றுதான். அதில் பெரியப்பா குரல் மட்டும் ஏன் அமுங்கியது என்று செமிசிக்குப் புரிந்துவிட்டது. காரோடு வரும் கம்பெனி ஸ்டீரியோ, சத்தம் கூட்டக் கூட்ட, சின்ன ஸ்பீக்கர் கிழியாமலிருக்க அடிச்சத்தத்தைத் தானே வெட்டிவிடும். கொயரிலேயே ஆழமான குரல் பெரியப்பாவுடையது, எப்படிக் கேட்கும்?

பெட்டியைத் தொடாமல் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்து கிளை எடுத்தான். வெட்டுப்பட்டதை ஈடுகட்ட ஒரு சின்னக் கருவி, ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் அடிச்சத்தத்துக்கென்றே இரண்டு சப்-ஊஃபர் என்று பொருத்தினான்.

மூவரும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிடியில் பெண்களின் குரல் எழுந்தது, ஆண்கள் சேர்ந்தார்கள். பிறகு எல்லோருக்கும் அடியிலிருந்து, இருக்கையையும் முதுகெலும்பையும் அதிரவைத்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. மூச்சு வாங்கும் இடத்தில் லேசாகக் கமறும், அதே குரல்.

"சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள் வீக்கா. அவள் கண்கள் மூடியிருந்தன.

செமிசி அழுதுகொண்டே சிரித்தான். "ஏய் லூப்பே! இதையா இல்லேன்னே? பெத்த அப்பன் குரல் தெரியலையா? இது எந்த வருஷத்து ஈஸ்டர்?"

லூப்பேயின் கை கதவின் பிடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"ஈஸ்டர் இல்லண்ணா... அப்பாவைக் குழியில எறக்கும்போது கொயர் பாடினதை நான் பதிவு பண்ணின சிடி."