முப்பதாவது கிலோமீட்டர்

"இன்னிக்கும் முப்பதாவது கிலோமீட்டர்ல நின்னீங்கன்னா, நேரா என் தம்பி சலூனுக்குப் போயிடுங்க. வீட்டுக் கதவு திறக்காது!"

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சலூன்ல எனக்கென்ன வேலை?"

"முடி கூட்டுங்க. ஊரே சிரிக்கிற இந்த ஓட்டத்துக்கு அது எவ்வளவோ மேல்."

சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் மனுஷன் ஓடினால் பின்னால் வருகிறவர்களுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானில் இரண்டு தடவை முதல் பரிசு. அந்தக் கோப்பைகளை அவள் வீட்டு முன்னறையிலேயே நடத்தும் தன் இஸ்திரிக் கடையில், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்திருந்தாள். பிறகு முட்டி வலி வந்தது, வயதும் முப்பத்தேழு ஆனது. முதலிடம் போய் ஐந்தாவது இடம், அதுவும் போய்ப் பதினோராவது இடம். இரண்டு வருஷமாக அதற்கும் வழியில்லை. எந்தப் பந்தயமானாலும் முப்பது கிலோமீட்டர் வரை எல்லோருக்கும் முன்னால் ஓடுவார். அங்கே வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவார். கேட்டால் ஒரு நாள் தசைப்பிடிப்பு என்பார், இன்னொரு நாள் வயிற்று வலி என்பார். வயிற்று வலிக்காரர் வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சாப்பாட்டைக் காலி செய்வார்.

"ஏன்க்கா, பாதியில நிக்கிற மாமாவை எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, காசும் கொடுக்கிறாங்க?" என்று தம்பி ஒரு முறை கேட்டான்.

"பழைய சாம்பியன்ங்கிற மரியாதைடா" என்று அவன் வாயை அடைத்தாள். ஆனால் ஊர் வாயை எப்படி அடைப்பது? தெருவில் அவருக்கு 'முப்பது' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒருத்தன் கடைக்கே வந்து, "முப்பது சார் வீட்டுல இருக்காரா?" என்று கேட்டான். அன்று அவன் சட்டைக் காலர் லேசாகக் கருகிவிட்டது. கை தவறித்தான்.

"இன்னிக்குக் கடைசி வரைக்கும் ஓடுறேன்னு சத்தியம் பண்ணுங்க."

"அது அப்படி இல்லடி..."

"எப்படி இல்லை?"

புருஷன் கோப்பைகளைப் பார்த்தார். ஷூ கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவள் விடுவதாக இல்லை. சலூனை மூட வைத்துத் தம்பியின் பைக்கில் ஏறி, முப்பதாவது கிலோமீட்டர் பலகைக்கு முன்கூட்டியே வந்து நின்றாள். அங்கே பந்தயம் நடத்துகிறவர்களின் ஆள் ஒருவர் போர்வையை விரித்தபடி தயாராக நின்றிருந்தார்.

"யாருக்கு இந்தப் போர்வை?"

"முன்னால ஓடி வர்றாரே, அவருக்குத்தாங்க. இங்க நின்னுடுவாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. "வர்றதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று போர்வையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

வளைவில் புருஷன் தெரிந்தார். தனியாக வந்தார். மற்றவர்கள் அரை நிமிஷம் பின்னால். கடிகாரத்தைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், ஓரமாக ஒதுங்கினார். எதிரே போர்வையும் கையுமாகப் பெண்டாட்டி!

"நிக்காதீங்க! ஓடுங்க!" என்று கத்தினாள். "நீங்க தோத்தாலும் பரவால்லங்க. உங்களைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது. எனக்காக, இந்த ஒரே ஒரு தடவை!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு விநாடி தயங்கினார். பிறகு பழைய காலத்து ஓட்டம் ஓடி அடுத்த வளைவில் மறைந்துவிட்டார்.

"ஐயையோ, என்னம்மா பண்ணிட்டீங்க!" என்று போர்வைக்காரர் தலையில் கைவைத்தார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தம்பியின் பைக்கில் அவள் முடிவுக் கோட்டுக்குப் பறந்தாள். அங்கே முதலாவதாக வந்தது அவள் புருஷன்தான்! தம்பி சாலையிலேயே குத்தாட்டம் போட்டான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்து வந்த இளம் வீரன், இரண்டு கைகளையும் தூக்கிக் கூட்டத்துக்கு முத்தங்களைப் பறக்கவிட்டுக்கொண்டே வந்தான்.

"ரெண்டாவதா வந்ததுக்கு இவன் எதுக்குடா இந்தக் குதி குதிக்கிறான்?" என்றாள் அவள்.

பதில், பந்தய நிர்வாகியின் உருவத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? முன்னால ஓடி எங்க வீரனுக்கு வேகம் காட்டிட்டு, முப்பதுல ஒதுங்கி நிக்கிறதுதானே உங்க வேலை? அதுக்குத்தானே ரெண்டு வருஷமா சம்பளம் கொடுக்கிறோம்! நீங்க நின்னிருப்பீங்கன்னு நம்பி, தான்தான் முதல்னு அவன் நிதானமா வந்திருக்கான். விதிப்படி கோப்பை உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க. ஆனா இனிமே எந்தப் பந்தயத்துக்கும் உங்களைக் கூப்பிட மாட்டோம்!"

அவள் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவை ஜெயிச்சவன், இன்னொருத்தன் ஜெயிக்க ஓடிக் கொடுக்கிறேன்னு எப்படிடி சொல்றது? வயிறு வலின்னு சொல்றது சுலபமா இருந்துச்சு" என்றார் அவர், கோப்பையை அணைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு.

போர்வையை அவர் தோளில் போர்த்தியபடி, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கேட்டாள்:

"ஏங்க, பேசாம முப்பதுலயே நின்னு தொலைச்சிருக்கலாம்ல?"