முதல் தொட்டி

சாயப்பட்டறையில் வேலை பார்த்த கணவர் சண்முகவேல் வீடு திரும்பும் முன்பே, அன்று என்ன நிறம் போட்டார் என்பது ரங்காத்தாளுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் அந்த நிறத்தில் வரும். அந்தத் தண்ணீர் ஊர்க் கிணறுகளைக் கெடுத்தது. அப்பாவின் ஈரலைத் தின்று அவரைக் கொன்றதும் சாயம்தான் என்று மகள் செந்தாமரை நம்பினாள்.

வேதியியல் படித்த அவள், ஆறு வருடம் பாடுபட்டு, நிலக்கடலைத் தோலைச் சுட்டு எடுத்த கரியால் சாயத்தண்ணீரைத் தெளிய வைத்தாள். அதே பட்டறையில் கரித்தொட்டிகள் கட்டி முடித்ததும் அம்மாவை அழைத்துப்போய், கடைசிக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் காட்டினாள். டம்ளரின் அடி தெரிந்தது.

"கெணத்துத் தண்ணியாட்டமே இருக்குது கண்ணு. உங்கப்பா பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டாரு" என்றாள் ரங்காத்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கரிக்குப் போறதுக்கு முந்தின தண்ணியக் காட்டறயா?"

"அதுல பாக்க என்னம்மா இருக்குது?"

ஆனாலும் கூட்டிப்போனாள். முதல் தொட்டி நிறையச் சிவப்பு.

"செகப்புப் போடற அன்னிக்கு உங்கப்பாவுக்குக் கண்ணெல்லாம் எரியும். நாந்தான் வெளக்கெண்ண வெச்சு உடுவேன். என் மடியில படுத்துட்டு..."

மீதியைச் சொல்லாமல் ரங்காத்தாள் சிரித்தாள். அறுபது வயதில் அவளுக்கு வெட்கம் வந்திருந்தது.

சாயத்தைக் கரிக்குத் திறந்துவிடும் வால்வில் செந்தாமரையின் கை இருந்தது. அம்மா அந்தச் சிவப்பைப் பார்த்து முடித்து நகரும் வரை, அதைத் திறக்காமல் அவள் காத்திருந்தாள்.