தினம் ஒரு கதை, தினம் ஒரு திட்டு

"பஸ் டிரைவர் அழுதுகிட்டே வண்டி ஓட்டினானாம். இதெல்லாம் ஒரு கதையா? எழுதினவன் கையை ஒடிக்கணும்" என்றார் அப்பா.

மருமகள் புத்தகத்தைப் பட்டென்று மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கருப்புக் கண்ணாடி. எல்லாம் மங்கலாம், படிக்கக் கூடாதாம். ஆனால் கதை இல்லாமல் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் மருமகள் தினம் ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், கேட்டு முடித்ததும் கொடுக்கிற சன்மானம் இதுதான்.

மகன் அடுப்படிக்குப் போனான்.

"எவனோ எழுதினதுக்கு நீ ஏன் அழறே?"

"எவனோ இல்லைங்க. நான்தான்."

"என்னது?"

"பத்திரிகையில வாரத்துக்கு ஒரு கதைதான் வருது. மாமாவுக்குத் தினம் ஒண்ணு வேணும். நான் எங்க போறது? சமைக்கிறப்போ மனசுக்குள்ளயே கட்டி வெச்சுக்கிட்டு, அங்க வந்து படிக்கிற மாதிரி சொல்றேன்."

அவள் கையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தான். வாஷிங் மெஷினோடு வந்த கைப்புத்தகம்.

"முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பிடிச்சுப் போச்சு. காலையில எந்திரிக்கும்போதே, இன்னிக்கு யாருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம், யாரை வீட்டை விட்டு ஓட விடலாம்னுதான் யோசனை. ஆனா தினம் கை ஒடியணும்னு வாங்கிக் கட்டிக்க முடியல. நாளையிலேர்ந்து கதை கிடையாதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க."

கோபமாகத்தான் போனான்.

"அப்பா, இனிமே கதை கிடையாது. ஓசியில கேக்குறீங்க, அதுல வாய் மட்டும் நீளுது."

"கத்தாதடா. அவ காதுல விழப்போகுது." அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் நல்லா இருக்கும்மான்னு சொல்லித் தொலைச்சேன். மறுநாள் அதே கதையை ஆளை மட்டும் மாத்திச் சொல்றா. நேத்து, கதையில வர்ற அம்மா மரக்கட்டை மாதிரி இருக்கான்னு திட்டினேன். இன்னிக்கு அந்த டிரைவரோட அம்மா பேசுறப்போ எங்க அம்மாவே வந்து பேசுற மாதிரி இருந்துச்சு. திட்டினாத்தான்டா அவளுக்குக் கதை வருது."

"அவளா கட்டிச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? எந்த ஊர்ப் பத்திரிகையில அட்டையில வாஷிங் மெஷின் படம் போடுறான்?"

மகனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அப்போ... உங்க கண்ணு?"

அப்பா கருப்புக் கண்ணாடியை மூக்கின் மேல் நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நீ மருந்து வாங்கப் போயிருந்தப்போ டாக்டர் சொன்னாரு. கண்ணாடியைக் கழட்டிப் போட்டுட்டு இனிமே நீங்களே படிச்சுக்கலாம்னு. போன மாசம்."